இன்வெஸ்டரை அறிமுகப்படுத்தினால் கமிஷன் கொடுக்கலாமா? ஸ்டார்ட்அப் நிறுவனர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டமும் கணக்கும்

"எனக்குத் தெரிஞ்ச இன்வெஸ்டர் ஒருத்தர் இருக்கார் சார். பேசி முடிச்சுக் கொடுக்கிறேன். வர்ற பணத்துல மூணு பர்சென்ட் மட்டும் எனக்குக் கொடுத்துடுங்க."

முதலீடு தேடி அலையும் ஸ்டார்ட்அப் நிறுவனர் யாரிடம் கேட்டாலும், இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தியையோ போன் அழைப்பையோ சந்தித்திருப்பார். கேட்பவர் பழைய மேலாளராக இருக்கலாம், ஆடிட்டராக இருக்கலாம், ஏதோ ஒரு மாநாட்டில் விசிட்டிங் கார்டு கொடுத்தவராகவும் இருக்கலாம். பணம் வந்தால் போதும் என்ற நிலையில் இருக்கும் நிறுவனர், "சரி, பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிடுகிறார். அந்த ஒற்றை வார்த்தை வாய்மொழி ஒப்பந்தமாக மாறி, ஆறு மாதம் கழித்து முதலீட்டாளரின் வழக்கறிஞர் கோப்புகளைப் புரட்டும்போது மேசைக்கு வருகிறது.

இது ஏதோ சிலருடைய பிரச்னை இல்லை. 2016 ஜனவரி 16-ல் ஸ்டார்ட்அப் இந்தியா திட்டம் தொடங்கியபோது, நாட்டில் சுமார் 500 ஸ்டார்ட்அப்களே கணக்கில் இருந்தன. 2025 ஜனவரி நடுப்பகுதியில் மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறை அங்கீகரித்த ஸ்டார்ட்அப்களின் எண்ணிக்கை 1.59 லட்சம். இவற்றில் பெரும்பாலானவை பெரிய முதலீட்டு வங்கிகள் திரும்பிப் பார்க்கும் அளவில் இல்லை. ரூ.1 கோடி, ரூ.2 கோடி தேடுபவர்களுக்கு அந்த வங்கிகள் வேலை செய்வதில்லை. அவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. அந்த இடைவெளியில்தான் இந்த 'அறிமுகக்காரர்கள்' வருகிறார்கள்.

அப்படியானால் அவர்களுக்குப் பணம் கொடுப்பது சட்டப்படி சரியா?

ஒரு வரியில் பதில்: வெறும் அறிமுகத்துக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் நேரடியாகச் சொல்லவில்லை. ஆனால் அறிமுகம் எங்கே முடிகிறது, பங்கு விற்பனை எங்கே தொடங்குகிறது என்ற கோடு மிக மெல்லியது. அந்தக் கோட்டைத் தாண்டினால் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அறிமுகக்காரர் அல்ல, நிறுவனம்தான்.

வீட்டு புரோக்கருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?

வீடு பார்த்துக் கொடுத்தால் ஒரு மாத வாடகை, நிலம் முடித்துக் கொடுத்தால் ஒரு சதவீதமோ இரண்டு சதவீதமோ. தரகு நமக்குப் புதிதல்ல. அதே பழக்கத்தில் பங்குக்கும் கமிஷன் பேசுகிறோம். இங்கதான் சிக்கல். நிலம் என்பது சொத்து. பங்கு என்பது செபியும் கம்பெனி சட்டமும் கண்காணிக்கும் பத்திரம். பத்திரத்தை வாங்குவது, விற்பது, அதற்கு ஆள் சேர்ப்பது எல்லாவற்றுக்கும் தனி விதிகள் இருக்கின்றன.

நடைமுறையில் மூன்று வகை ஆட்கள் இருக்கிறார்கள். முதல் வகை, பெயரும் போன் நம்பரும் கொடுத்து, இரண்டு பேரையும் ஒரு மின்னஞ்சலில் சேர்த்துவிட்டு ஒதுங்கிவிடுபவர். இரண்டாவது வகை, உங்களுடைய பிட்ச் டெக்கைத் திருத்தி, நிதிக் கணக்கைச் சரிபார்த்து, முதலீட்டாளர் கூட்டங்களில் உடன் உட்காருபவர், இவர் ஆலோசகர். மூன்றாவது வகை, "இந்த விலைக்குத் தருவாங்க, நீங்க இவ்வளவு போடுங்க, பத்து பேரை நான் சேர்க்கிறேன்" என்று விலை பேசி, ஆள் திரட்டி, சில நேரம் பணத்தையும் தன் கணக்கு வழியாக வாங்கிக் கொடுப்பவர். பெயர் எதுவாக இருந்தாலும் அவர் செய்வது பங்கு விற்பனை ஏற்பாடு.

செபி சட்டம், 1992-ன் 12-வது பிரிவு, பங்குத் தரகர், மெர்ச்சன்ட் பேங்கர் உட்பட பத்திரச் சந்தையோடு தொடர்புடைய இடைத்தரகர்கள் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் செயல்படக் கூடாது என்கிறது. மெர்ச்சன்ட் பேங்கர் என்பதற்கு செபி தரும் விளக்கம் அகலமானது. பத்திர வெளியீட்டு நிர்வாகத் தொழிலில், விற்க, வாங்க, சந்தா சேர்க்க ஏற்பாடு செய்பவரும், அது தொடர்பாக ஆலோசனை தருபவரும் அதற்குள் வருகிறார்கள். அந்தப் பதிவு பெற நிகர மதிப்பு ரூ.5 கோடி இருக்க வேண்டும் என்ற விதி நீண்ட காலம் இருந்தது. 2024 டிசம்பரில் அதை ரூ.10 கோடி, ரூ.50 கோடி என இரண்டு அடுக்காக உயர்த்த செபி வாரியம் ஒப்புதல் அளித்தது. வருடத்துக்கு நாலு அறிமுகம் செய்யும் ஒரு தனிநபர் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

ஆக, பெரிய ஆளுக்கு உரிமம் இருக்கிறது. சின்ன ஆளுக்கென்று ஓர் உரிமமே கிடையாது. ரூ.1 கோடி திரட்டலுக்கு உதவும் சிறு அறிமுகக்காரரை வரையறுத்து, 'இதுவரை செய்யலாம், இதற்கு மேல் கூடாது' என்று சொல்லும் தனி விதி இந்தியாவில் இல்லை. தனியார் கம்பெனியின் பங்குகள் 'சந்தைப்படுத்தக்கூடிய பத்திரம்' என்ற விளக்கத்துக்குள் வருமா என்பதே நீதிமன்றங்களில் பல பத்தாண்டுகளாக வாதிடப்பட்ட கேள்வி. இந்த மங்கலான பகுதியில்தான் பல சிறு ஆலோசனை நிறுவனங்கள் செபி பதிவு இல்லாமல் இயங்குகின்றன. அவர்கள் எல்லோரும் சட்டத்தை மீறுகிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் "நாங்க ரொம்ப வருஷமா இப்படித்தான் பண்றோம்" என்பது சட்டப் பாதுகாப்பும் ஆகாது.

கட்டணத்தை யார் தருகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். அறிமுகக்காரர் முதலீட்டாளரிடம் பணம் வாங்கிக்கொண்டு "இந்த ஸ்டார்ட்அப்பில் போடுங்க" என்று சொன்னால், அது முதலீட்டு ஆலோசனையாகக் கருதப்படலாம். அதற்கு 2013-ம் ஆண்டின் செபி முதலீட்டு ஆலோசகர் விதிகள் இருக்கின்றன.

உண்மையான ஆபத்து 42-வது பிரிவில்

செபி பதிவு பற்றிய விவாதம் வழக்கறிஞர்களுக்கு சுவாரசியமானது. நிறுவனரின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியது கம்பெனி சட்டம், 2013-ன் 42-வது பிரிவு. முதலீட்டாளருக்குப் புதிய பங்கு ஒதுக்கும்போது பெரும்பாலான ஸ்டார்ட்அப்கள் இந்த 'தனிப்பட்ட ஒதுக்கீடு' வழியைத்தான் பயன்படுத்துகின்றன.

இந்தப் பிரிவின் அடிப்படை எளிது: யாருக்குப் பங்கு தரப்போகிறோம் என்பது கம்பெனிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அவர்களுடைய பெயர், முகவரியைப் பதிவு செய்த பிறகே அவர்களுக்கு மட்டும் சலுகைக் கடிதம் அனுப்ப வேண்டும். கடிதம் பெற்றவர் அந்த உரிமையை இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. ஒரு நிதியாண்டில் ஒரு வகைப் பத்திரத்துக்கு 200 பேருக்கு மேல் சலுகை தரக் கூடாது. தகுதிபெற்ற நிறுவன முதலீட்டாளர்களும், பங்கு விருப்பத் திட்டத்தின் கீழ் பங்கு பெறும் ஊழியர்களும் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள்.

அடுத்து வரும் 42(7) உட்பிரிவுதான் நம் விஷயத்துக்கு நேரடியானது. விளம்பரம், ஊடகம், மார்க்கெட்டிங், விநியோக வழிகள், முகவர்கள் என எதைப் பயன்படுத்தியும் இந்த வெளியீட்டைப் பற்றிப் பொதுமக்களுக்குத் தெரிவிக்கக் கூடாது. கவனியுங்கள், 'முகவர்கள்' என்ற சொல்லே அங்கே இருக்கிறது.

உங்கள் அறிமுகக்காரர் உங்களுக்குத் தெரியாமல் பிட்ச் டெக்கை 250 பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "மினிமம் 5 லட்சம், சீக்கிரம் வாங்க" என்று எழுதினால் என்ன ஆகும்? அது தனிப்பட்ட ஒதுக்கீடு என்ற தன்மையை இழந்து, பொது வெளியீடு என்ற குற்றச்சாட்டுக்கு வழிவிடும். 42-வது பிரிவை மீறினால், திரட்டிய தொகை அல்லது ரூ.2 கோடி, இதில் எது குறைவோ அந்த அளவு வரை கம்பெனி, புரமோட்டர்கள், இயக்குநர்கள் மீது அபராதம் விதிக்கலாம். அதோடு, அபராத உத்தரவு வந்த 30 நாட்களுக்குள் முதலீட்டாளர்களுக்கு முழுப் பணத்தையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். வட்டி விகிதம் ஆண்டுக்கு 12%. ரூ.2 கோடி வாங்கி அதில் ரூ.1.5 கோடியைச் சம்பளத்துக்கும் சர்வருக்கும் செலவழித்த நிறுவனம் அதை எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்?

சட்டம் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. சஹாரா குழுமத்தின் இரண்டு நிறுவனங்கள், தனிப்பட்ட ஒதுக்கீடு என்ற பெயரில் நாடெங்கும் முகவர்களை வைத்துக் கோடிக்கணக்கான மக்களிடம் கடன் பத்திரம் விற்றன. 2012 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றம், ரூ.24,000 கோடிக்கும் மேற்பட்ட தொகையை 15% வட்டியோடு திருப்பித் தர உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு வந்த புதிய கம்பெனி சட்டத்தில் தனிப்பட்ட ஒதுக்கீட்டு விதிகள் இறுக்கமாக எழுதப்பட்டன. சஹாராவுக்கும் பத்து பேர் வேலை செய்யும் ஒரு ஸ்டார்ட்அப்புக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் விதி இருவருக்கும் ஒன்றே.

இணையதளங்களுக்கும் இது பொருந்தும். பதிவு இல்லாத மின்னணுத் தளங்கள் மூலம் நடக்கும் தனிப்பட்ட ஒதுக்கீடுகள் பற்றி செபி 2016 ஆகஸ்டில் முதலீட்டாளர்களை எச்சரித்தது. பட்டியலிடப்படாத பங்குகளைப் பரிமாறும் தளங்கள் பற்றி 2024 டிசம்பரில் மீண்டும் எச்சரித்தது.

"5% வரைக்கும் சட்டமே அனுமதிக்குதே" என்பது உண்மையா?

பாதி உண்மை. கம்பெனி சட்டத்தின் 40(6) பிரிவும், 2014-ம் ஆண்டின் பத்திர ஒதுக்கீட்டு விதிகளில் 13-வது விதியும், பத்திரங்களுக்குச் சந்தா சேர்த்துத் தருபவருக்கு கம்பெனி கமிஷன் தரலாம் என்கின்றன. பங்குக்கு அதிகபட்சம் வெளியீட்டு விலையில் 5%, கடன் பத்திரத்துக்கு 2.5%, கம்பெனியின் சங்க விதிகளில் இதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த அளவு. சங்க விதிகளில் அனுமதி இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை.

ஆனால் அந்தப் பிரிவு எழுதப்பட்டது பொது வெளியீட்டை மனதில் வைத்து. ப்ராஸ்பெக்டஸில் விவரம் வெளியிட வேண்டும், கமிஷன் ஒப்பந்தத்தின் நகலைப் பதிவாளரிடம் தர வேண்டும் என்றெல்லாம் அதே விதியில் இருக்கிறது. ப்ராஸ்பெக்டஸே வெளியிடாத தனியார் கம்பெனி, இந்த 5%-ஐ மட்டும் பிய்த்து எடுத்து 'சட்டம் அனுமதிக்கிறது' என்று சொல்வது பலவீனமான வாதம். 5% என்பதை உச்சவரம்புக்கான ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அதைக் கேடயமாக நம்ப வேண்டாம்.

ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்று முதலீட்டு நிதிகளுக்கு முதலீட்டாளர்களைக் கொண்டுவரும் விநியோகஸ்தர்களுக்கு என்ன தரலாம் என்பதை செபி 2023 ஏப்ரலில் தெளிவாகவே வரையறுத்துவிட்டது. முதல் இரண்டு வகை நிதிகளில் மொத்த விநியோகக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை முன்கூட்டியே தரலாம், மீதி ஆண்டுதோறும். மூன்றாம் வகையில் முன்கூட்டியே எதுவும் கிடையாது. நிதிக்குப் பணம் கொண்டுவருபவருக்கு இவ்வளவு தெளிவு. ஸ்டார்ட்அப்புக்குப் பணம் கொண்டுவருபவருக்கு எதுவும் இல்லை. செபி இந்த இடைவெளியை நிரப்பினால் நிறுவனர்களுக்கு நல்லது என்பது என் கருத்து.

சிலர் கமிஷன் வாங்கவே கூடாது

சிறு நகரங்களில் முதலீட்டாளர் அறிமுகம் பெரும்பாலும் ஆடிட்டர் வழியாகத்தான் வருகிறது. அவருக்குத்தான் ஊரில் யாரிடம் பணம் இருக்கிறது என்று தெரியும்! பட்டயக் கணக்காளர்களுக்கு 'வெற்றி பெற்றால்தான் கட்டணம்', 'சதவீதக் கட்டணம்' ஆகியவை பொதுவாகத் தடை. ஆனால் நிதி திரட்டல் சேவைகள் சிலவற்றுக்கு, திரட்டிய தொகையில் ஒரு சதவீதத்தைக் கட்டணமாகப் பெற அவர்களுடைய ஒழுங்குமுறை விதிகளில் 192-வது விதி விலக்கு அளிக்கிறது. எனவே வெளியில் இருக்கும் ஒரு சி.ஏ. இந்தச் சேவையைச் செய்ய இடம் உண்டு.

உங்கள் கம்பெனியின் சட்டப்பூர்வ தணிக்கையாளரின் நிலை வேறு. கம்பெனி சட்டத்தின் 144-வது பிரிவு, தணிக்கையாளர் தான் தணிக்கை செய்யும் கம்பெனிக்கு முதலீட்டு ஆலோசனை, முதலீட்டு வங்கிச் சேவை உள்ளிட்டவற்றைத் தரக் கூடாது என்கிறது. கணக்குக்குக் கையெழுத்துப் போடுபவரே அந்தக் கணக்கைக் காட்டி முதலீட்டாளரைச் சேர்த்து, அதில் சதவீதம் வாங்குவது எப்படிச் சரியாகும்? நன்றிக்காக அவர் அறிமுகம் செய்து வைப்பது வேறு. கட்டணம் என்று வந்தால், நேரடியாகவோ அவருடைய கூட்டாளி நிறுவனம் வழியாகவோ தருவதற்கு முன் நூறு முறை யோசியுங்கள்.

கம்பெனியின் இயக்குநர் ஒருவரே அறிமுகம் செய்துவிட்டுக் கட்டணம் கேட்டால், 184-வது பிரிவின்படி அந்த நலனை இயக்குநர் குழுவிடம் அவர் வெளிப்படுத்த வேண்டும். உறவினர் பெயரிலோ அவருடைய நிறுவனத்தின் பெயரிலோ வாங்கினால், தொடர்புடைய தரப்புப் பரிவர்த்தனை என்ற 188-வது பிரிவும் எட்டிப் பார்க்கும்.

அப்புறம், முதலீட்டு நிதியில் வேலை செய்பவரே "உள்ளே பேசி முடிக்கிறேன்" என்று தனியாகப் பணம் கேட்பது. அதற்குக் கமிஷன் என்ற பெயர் பொருந்தாது. தன் எஜமானுக்குத் தெரியாமல் முகவர் தனக்காகப் பேசி அடையும் லாபத்தை எஜமான் உரிமை கோரலாம் என்று இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 216-வது பிரிவே சொல்கிறது. இது வெளியே வந்தால் முதலீடு போகும், பெயரும் போகும். இரண்டு பக்கமும் கட்டணம் வாங்கும் அறிமுகக்காரருக்கும் இதே பிரிவு பொருந்தும். இரு தரப்பும் அறிந்து சம்மதித்திருந்தால் மட்டுமே அது சரி.

எவ்வளவு கொடுக்கிறார்கள்? கையில் எவ்வளவு மிஞ்சும்?

சிறிய திரட்டல்களில் பொதுவாகப் பேசப்படுவது 2 முதல் 5 சதவீதம். தொகை கூடக்கூட சதவீதம் குறையும். அமெரிக்க முதலீட்டு வங்கித் துறையில் 'லேமன் சூத்திரம்' என்று ஒன்று உண்டு: முதல் பத்து லட்சம் டாலருக்கு 5%, அடுத்த பத்து லட்சத்துக்கு 4%, பிறகு 3, 2, அதற்கு மேல் எல்லாவற்றுக்கும் 1%. இந்தியாவிலும் பேரம் பேசும்போது இந்தப் படிக்கட்டு முறையை முன்வைக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரூ.2 கோடி முதலீடு, 3% கட்டணம் என்றால் ரூ.6 லட்சம். அறிமுகக்காரர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால் 18% சேர்த்து ரூ.1.08 லட்சம். ஆக உங்கள் செலவு ரூ.7.08 லட்சம். மாதச் செலவு ரூ.14 லட்சம் உள்ள நிறுவனத்துக்கு இது இரண்டு வார ஆயுள். பேரம் பேசும்போது "பிளஸ் ஜிஎஸ்டியா, ஜிஎஸ்டி சேர்த்தா?" என்று கேட்காமல் விட்டால் ஒரு லட்சம் ரூபாய் வித்தியாசம் வரும்.

டிடிஎஸ்ஸில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கமிஷனுக்கான டிடிஎஸ் என்றதும் எல்லோருக்கும் 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194எச் பிரிவு நினைவுக்கு வரும். அதில் விகிதம் 2024 அக்டோபர் முதல் 2%. ஆனால் அந்தப் பிரிவில் கமிஷனுக்குத் தரப்பட்ட விளக்கமே பத்திரங்கள் தொடர்பான பரிவர்த்தனைகளை விலக்கி வைக்கிறது. அதையே தொழில்முறை ஆலோசனைக் கட்டணமாகக் கருதினால் 194ஜே பிரிவு, 10%. நம் உதாரணத்தில் அது ரூ.60,000. 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் இந்தப் பிரிவு எண்கள் மாறிவிட்டன. பில்லில் எந்தப் பிரிவு, எந்தப் பெயர் என்பதை ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்த பிறகு பணம் கொடுங்கள். ஒப்பந்தத்தில் 'ஆலோசனை', பில்லில் 'கமிஷன்', வங்கிக் கணக்கில் 'கடன் திருப்பம்' என்று மூன்று இடத்தில் மூன்று பெயர் இருந்தால், பின்னால் கேள்வி கேட்பவருக்கு வேலை சுலபமாகிவிடும்.

இந்தச் செலவை வருமானத்திலிருந்து கழிக்க முடியுமா? பங்கு மூலதனத்தைப் பெருக்குவதற்கான செலவு மூலதனச் செலவு என்று புரூக் பாண்ட் வழக்கிலும், பஞ்சாப் மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழக வழக்கிலும் உச்ச நீதிமன்றம் 1997-ல் தீர்ப்பளித்துவிட்டது. அதாவது அந்த ஆண்டின் லாபத்திலிருந்து கழிக்க முடியாது. கடன் வாங்குவதற்கான செலவுக்கு நிலைமை நேர்மாறு. சென்னையைச் சேர்ந்த இந்தியா சிமெண்ட்ஸ், தொழில் நிதிக் கழகத்திடம் ரூ.40 லட்சம் கடன் வாங்கச் செலவழித்த முத்திரைத்தாள், பதிவு, வழக்கறிஞர் கட்டணங்களைக் கழிக்கலாம் என்று 1966-ல் அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. பங்கா, கடனா என்பதைப் பொறுத்து வரிக் கணக்கே தலைகீழாகிறது.

பணத்துக்குப் பதில் பங்கு தரலாமா?

"கேஷ் வேண்டாம், ஒரு பர்சென்ட் ஈக்விட்டி கொடுங்க" என்பது கேட்க இனிமையாக இருக்கும். செய்வது கடினம். பங்கு விருப்பத் திட்டம் ஊழியர்களுக்கும் இயக்குநர்களுக்குமானது. வெளியாளுக்கு அதில் தர முடியாது. உழைப்புப் பங்கு எனப்படும் ஸ்வெட் ஈக்விட்டியும் 54-வது பிரிவின்படி இயக்குநர்களுக்கும் ஊழியர்களுக்கும்தான். சேவைக்கு ஈடாகப் பங்கு ஒதுக்க வேண்டுமானால் சிறப்புத் தீர்மானம், பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை, தனிப்பட்ட ஒதுக்கீட்டு நடைமுறை என்று முழுச் சுற்றும் சுற்ற வேண்டும். பெற்றவருக்கு அது வருமானம். வரியும் கட்ட வேண்டும்.

அதைவிட முக்கியமாக, ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்பியவர் உங்கள் கம்பெனியில் நிரந்தரப் பங்குதாரராக உட்கார்ந்திருப்பார். அடுத்த சுற்று முதலீட்டாளர் "இவர் யார்?" என்று கேட்பார். முடிந்தவரை பணமாகவே கொடுத்து முடித்துவிடுவது நல்லது.

முதலீட்டாளர் அமெரிக்காவில் இருந்தால்?

அங்கே கோடு இன்னும் கூர்மையானது. 1934-ம் ஆண்டு பத்திரப் பரிவர்த்தனைச் சட்டத்தின்படி, முதலீட்டுத் தொகையில் சதவீதம் வாங்குவதுதான் ஒருவரைத் தரகர் என்று அடையாளம் காட்டும் முக்கியமான அறிகுறி. பதிவில்லாத தரகர் மூலம் நடந்த விற்பனையை ரத்துசெய்து முதலீட்டாளர் பணத்தைத் திரும்பக் கேட்கவும் வழி இருக்கிறது. இதற்கு ஒரு புகழ்பெற்ற விதிவிலக்கு பாடகர் பால் ஆங்கா. ஒட்டாவா செனட்டர்ஸ் ஐஸ் ஹாக்கி அணிக்குப் பணம் போடக்கூடியவர்களின் பெயரையும் போன் நம்பரையும் மட்டும் கொடுத்து, வரும் தொகையில் 10% வாங்கும் அவருடைய ஏற்பாட்டின் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைக்க மாட்டோம் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணைய அதிகாரிகள் 1991-ல் கடிதம் கொடுத்தார்கள். பால் ஆங்கா முதலீட்டாளர்களிடம் பேசவில்லை, விலை பேசவில்லை, பரிந்துரைக்கவில்லை. அந்தக் கடிதத்தை நம்பி அளவுக்கு மீறிப் போனவர்கள் பலர். தனிநபர் அறிமுகக்காரர்களுக்கு விலக்கு தர அந்த ஆணையம் 2020 அக்டோபரில் ஒரு வரைவை முன்வைத்தது. அடுத்த ஆண்டுகளில் அது விதியாக மாறவில்லை.

பெங்களூருவில் அலுவலகம், டெலவேரில் தாய் கம்பெனி என்று இருக்கும் ஸ்டார்ட்அப்களுக்கு இது வெளிநாட்டுச் செய்தி அல்ல. அமெரிக்க முதலீட்டாளருக்காக அங்கிருக்கும் நண்பருக்குச் சதவீதம் பேசும் முன் அந்த நாட்டு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள்.

"புராசஸிங் ஃபீ 50 ஆயிரம் அனுப்புங்க"

நியாயமான அறிமுகக்காரருக்கு வேலை முடிந்த பிறகுதான் பணம். வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், வேலை முடியும்வரை முகவருக்கு ஊதியம் கடன்படாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 219-வது பிரிவும் சொல்கிறது. டெக் தயாரிக்க, நிதிக் கணக்குப் போட என்று உண்மையான வேலைக்கு மாதக் கட்டணம் கேட்கும் ஆலோசகர்கள் உண்டு, அது வேறு. ஆனால், "துபாய் இன்வெஸ்டர் 10 கோடி ஓகே பண்ணிட்டார், டியூ டிலிஜென்ஸ் ஃபீ மட்டும் நீங்க கட்டணும்" என்று தொடங்கி, பிறகு காப்பீடு, பிறகு பரிமாற்றக் கட்டணம் என்று நீளும் கதை வெறும் மோசடி. பணம் போடுபவர் தன் சரிபார்ப்புச் செலவை உங்களிடம் முன்கூட்டியே யூபிஐ-யில் அனுப்பச் சொல்ல மாட்டார். ஏமாந்துவிட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யுங்கள்; முதல் சில மணி நேரத்தில் தகவல் போனால் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம். ஏமாற்றுதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவின் கீழ் குற்றம்.

அறிமுகமே இலவசமாகக் கிடைக்கும் இடங்களும் உண்டு. சிட்பியோடு சேர்ந்து மத்திய அரசு 2023 மார்ச்சில் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா இன்வெஸ்டர் கனெக்ட் தளம் அதில் ஒன்று. முதலில் அங்கே முயன்றுவிட்டு, பிறகு கமிஷனைப் பற்றி யோசிக்கலாம்.

எழுதும்போது எதை எழுதுவது?

இரண்டு பக்க ஒப்பந்தம் போதும், ஆனால் அது முதல் சந்திப்புக்கு முன் கையெழுத்தாக வேண்டும். யார் யாரை அறிமுகம் செய்கிறார் என்ற பெயர்ப் பட்டியல் அதில் இருக்கட்டும். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்களின் பெயரையும் தனியாகக் குறித்துவிடுங்கள். பெரும்பாலான சண்டை "அவரை எனக்கு முன்னாடியே தெரியும்" என்ற ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குகிறது. சண்டை நீதிமன்றம் போனால், முதலீடு நடந்ததற்கு உண்மையான காரணம் இந்த அறிமுகம்தானா என்று பார்க்கப்படும். அப்போது தேதியிட்ட ஒரு மின்னஞ்சல் பத்துச் சாட்சிகளுக்குச் சமம்.

விலை பேசக் கூடாது, பணத்தைத் தன் கணக்கில் வாங்கக் கூடாது, டெக்கைக் குழுக்களில் பகிரக் கூடாது, கம்பெனி சார்பில் வாக்குறுதி தரக் கூடாது என்று தெளிவாக எழுதுங்கள். 42-வது பிரிவிலிருந்து உங்களைக் காப்பது இந்த நாலு வரிதான். கட்டணம் வங்கிக்கு வந்த பணத்துக்கு மட்டும், டேர்ம் ஷீட்டில் எழுதிய தொகைக்கு அல்ல. முதலீடு இரண்டு தவணையாக வந்தால் கட்டணமும் இரண்டு தவணை. எப்போது தருவது என்பதிலும் கவனம் தேவை. பங்கு ஒதுக்கி, பிஏஎஸ்-3 படிவத்தைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும்வரை அந்தப் பணத்தை கம்பெனி தொடக் கூடாது. ஒதுக்கீட்டுக்குப் பிறகு அதைத் தாக்கல் செய்ய 15 நாள் அவகாசம் உண்டு. "பணம் வந்த அன்னைக்கே என் பங்கு" என்று கேட்பவரிடம் இதைக் காட்டுங்கள்.

'டெயில்' என்று ஒரு பிரிவைப் பெரும்பாலும் அவர்கள் சேர்ப்பார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும், பட்டியலில் உள்ளவர் குறிப்பிட்ட காலத்துக்குள் முதலீடு செய்தால் கட்டணம் உண்டு என்பது அதன் பொருள். 12 மாதம் நியாயம். 'எதிர்காலச் சுற்றுகள் அனைத்துக்கும்' என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். மூன்று ஆண்டு கழித்து அதே முதலீட்டாளர் ரூ.20 கோடி போடும்போது 3% என்பது ரூ.60 லட்சம்.

கடைசியாக, முதலீட்டாளரிடம் மறைக்காதீர்கள். பங்குச் சந்தா ஒப்பந்தங்களில் 'இந்தப் பரிவர்த்தனைக்காக எந்தத் தரகருக்கும் கட்டணம் இல்லை' என்ற உறுதிமொழி வழக்கமாக இருக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுபவர்கள்தான் அதிகம். கமிஷன் இருக்கும்போது அதில் கையெழுத்துப் போட்டால் அது பொய்யான உறுதிமொழி. முதலீட்டாளர் இழப்பீடு கேட்கலாம், சில ஒப்பந்தங்களில் நிறுவனரிடம் தனிப்பட்ட முறையிலேயே. டேர்ம் ஷீட் கட்டத்திலேயே "இன்னாருக்கு இவ்வளவு தருகிறோம்" என்று ஒரு வரி சொல்லிவிட்டால், அந்த உறுதிமொழிக்குக் கீழே விதிவிலக்காக அதைச் சேர்த்துக்கொள்வார்கள்.

அறிமுகக்காரர் பக்கமும் ஒரு எச்சரிக்கை உண்டு. சட்டம் தடுத்த வேலைக்கான ஒப்பந்தம் 23-வது பிரிவின்படி செல்லாது. பதிவு தேவைப்படும் வேலையைப் பதிவில்லாமல் செய்தவர், கமிஷன் வரவில்லை என்று வழக்குப் போட்டால் அந்தக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். செல்லுபடியாகும் ஒப்பந்தம் இருந்தால், பணம் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம்.